வில்லா வாங்கும் முன்: சதுர அடி விலையில் சேராத செலவுகள்

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் அடிவாரம் வரைக்கும் போனால் ரெண்டு பக்கமும் மனை விளம்பரப் பலகைகள்தான். பெரும்பாலும் ஒரே மாதிரி படம். வெள்ளை வெளேரென்று ஒரு வீடு, முன்னால் பச்சைப் புல்வெளி, சைக்கிள் ஓட்டும் குழந்தை, பின்னால் சேர்வராயன் மலை. கொண்டப்பநாயக்கன்பட்டி, கன்னங்குறிச்சி பக்கம் மட்டும் இப்படி என்றில்லை, அயோத்தியாப்பட்டணம், மல்லூர், கருப்பூர் என்று சேலத்தைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் இதே கதைதான். சதுர அடிக்கு இவ்வளவு, வங்கிக் கடன் வசதி உண்டு, சைட் பார்க்கக் கார் அனுப்புகிறோம் என்பார்கள்.

சொந்த வீட்டு ஆசை எல்லோருக்கும் உள்ளதுதான், அதில் ஒரு குறையும் இல்லை. என் கவலை அந்தப் படத்தைப் பற்றியது. வீடு படத்தில் இருக்கிற மாதிரியே வருஷம் முழுக்க இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால், அதற்காக மாதாமாதம் பணமும் தண்ணீரும் வீட்டில் யாரோ ஒருவருடைய நேரமும் போய்க்கொண்டே இருக்கும். வாங்கும்போது யாரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அதனால் தெரிந்தவரை நானே போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் கடன். 50 லட்ச ரூபாய், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய், மொத்தமாகக் கட்டி முடிப்பது 1 கோடியே 4 லட்சம். இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான், வங்கியிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் வீட்டுக் கடன் வட்டி நிலையானது கிடையாது. 2022 மே மாதத்துக்கு முன்னால் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கிற கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது, அதாவது ஒரு வருஷத்துக்குள் இரண்டரை சதவீத ஏற்றம். அதற்கு முன்பு 6.7 சதவீதத்துக்குக் கடன் வாங்கியவருக்கு 50 லட்சத்துக்குத் தவணை சுமார் 37,900. வட்டி 9.2 ஆனதும் அதே 50 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 38,300 ஆகிவிடுகிறது, தவணையைவிட வட்டி அதிகம். அப்படியென்றால் கட்டுகிற பணம் அசலைத் தொடவே தொடாது. நிறையப் பேருக்கு அப்போது வங்கி தவணைத் தொகையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிவிட்டது, அவர்களுக்கு விஷயமே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கடன் வாங்கியவரிடம் கேட்காமல் இப்படி நீட்டக் கூடாது, அவருக்குத் தேர்வு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் உத்தரவே போட வேண்டியிருந்தது. பிறகு வட்டி இறங்கியது, சரி. ஆனால் 20 வருஷத்துக்குள் இப்படி எத்தனை தடவை ஏறி இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, சம்பளத்தின் விளிம்பு வரைக்கும் தவணை வைத்துக்கொண்டவர்தான் ஒவ்வொரு ஏற்றத்திலும் நசுங்குகிறார்.

பத்திரச் செலவு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதைக்கூடப் பலர் எடுத்துவைத்து விடுகிறார்கள். மாட்டிக்கொள்வது அதற்கு அப்புறம்தான். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், கம்பி கேட், கேமரா, கார் நிறுத்த ஷெட், கிரகப்பிரவேசச் சாப்பாடு, இதெல்லாம் வீட்டுக் கடனுக்குள் வராது. வங்கிக் கடன் கட்டிடத்தோடு முடிந்துவிடும், படத்தில் பார்த்த வீடு அதற்கு மேல்தான் ஆரம்பிக்கும். நகையை வைத்து, சீட்டைத் தள்ளி எடுத்து, பெர்சனல் லோன் போட்டு அந்த மிச்சத்தை முடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெர்சனல் லோன் வட்டி வீட்டுக் கடனைவிட நல்ல கூடுதல், அதைக் கட்டி முடிக்கிறவரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. சீலிங்கில் ஒளிந்திருக்கிற அந்தப் பட்டை விளக்குகளை எல்லோரும் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போன பிறகு, அவற்றை யாரும் போடுவதுகூட இல்லை, கரண்ட் பில் ஏறும் என்று.

இனி தண்ணீருக்கு வருகிறேன், என்னைக் கேட்டால் சேலத்தில் வீடு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான். சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் கெட்டிப் பாறை, சார்னோகைட், நைஸ் என்கிற பாறை வகைகள். மணலில் ஊறி நிற்கிற மாதிரி இந்தப் பாறையில் தண்ணீர் நிற்காது, விரிசல்களில் மட்டும்தான் ஓடும். போர் போடுகிற இடத்தில் விரிசல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் 400 அடியில் தண்ணீர் வந்தது என்பதற்காக நமக்கும் வரும் என்று சொல்ல முடியாது. இந்தியா முழுக்கப் போர் போடுகிற ரிக் வண்டிகள் நமக்குப் பக்கத்தில் திருச்செங்கோட்டிலிருந்துதான் போகின்றன, அந்த வண்டிக்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள், ஆழம் போகப் போக அடிக்கு ரேட் கூடிக்கொண்டே போகும், தண்ணீர் வராவிட்டாலும் ஓட்டிய அடிக்குக் காசு கொடுத்தாக வேண்டும். சேலம் மாவட்டத்தின் பல ஒன்றியங்களில் மழையால் ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கிறோம் என்று அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. புதுசாக 80 வீடு வருகிற இடத்தில் 80 போர் என்றால் கீழே என்ன மிஞ்சும்?

இப்போது அந்தப் புல்வெளியைப் பாருங்கள். 400 சதுர அடிதான், சின்னது. அதாவது 37 சதுர மீட்டர். வெயில் காலத்தில் புல் காயாமல் இருக்க ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் வேண்டும், ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர், ஆக ஒரு நாளைக்குச் சுமார் 185 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றுதான் குடிநீர்த் திட்டங்களே போடுகிறார்கள். குளிக்க, துவைக்க, சமைக்க, குடிக்க எல்லாம் சேர்த்து ஒரு மனுஷருக்கு ஆவதைவிட அந்தப் புல்லுக்கு அதிகம் ஆகிறது. மாதத்துக்கு ஐந்தாயிரத்து ஐந்நூறு லிட்டர், கிட்டத்தட்ட 12,000 லிட்டர் லாரியில் பாதி. போர் வற்றிய ஏப்ரல், மே மாதங்களில் அது விலை கொடுத்து வாங்குகிற தண்ணீர். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான். முன்னால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு மாமரம் நின்றால் இந்தத் தொல்லையே இல்லை, சேலத்து மண்ணில் மாமரம் வளர்வதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பல வில்லாக்களில் வீட்டு முகப்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விதி வைத்து முருங்கைக்கு இடம் தருவதில்லை.

புல் இல்லாத மிச்ச இடத்தில் என்ன நடக்கிறது என்றால், பேவர் பிளாக். காலில் மண் ஒட்டக் கூடாது, கார் டயர் தடம் விழக் கூடாது என்று கேட்டிலிருந்து பின்சுவர் வரை கல் பாவிவிடுகிறார்கள். சேலத்தில் வருஷத்துக்குச் சராசரியாக ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை பெய்கிறது, ஒரு சென்ட் இடத்தில் விழுகிற தண்ணீர் மட்டும் தோராயமாக 40,000 லிட்டர். மூன்று சென்ட் மனை என்றால் ஒரு லட்சத்துக்கும் மேல். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், எல்லா வீட்டிலும் ஒரு குழாயும் ஒரு குழியும் பேருக்கு இருக்கிறது. முற்றத்து மழை மட்டும் நேராகத் தெருவுக்கு ஓடி, தாழ்வான தெருவில் இருக்கிறவர்கள் வீட்டுக்குள் போகிறது.

ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மலையிலிருந்து வருகிற ஒவ்வொரு ஓடைக்கும் கீழே ஒரு ஏரி காத்திருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குத் தண்ணீர் சேர்வராயன் மலையிலிருந்துதான் வருகிறது. 2010 வாக்கில் சேலம் மக்கள் குழு என்று பொதுமக்களே சேர்ந்து அதைத் தூர்வாரி, ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரம் நட்டு, பறவைகள் வந்து தங்கும்படி செய்தார்கள். இப்போது அடிவாரத்தில் வரிசையாக வருகிற மனைப்பிரிவுகளில் ஓடை இருந்த இடம் ரோடாகிறது, வாய்க்கால் காம்பவுண்ட் சுவருக்குள் போய்விடுகிறது. வீடு வாங்கியவருக்கு இது தெரிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை. ஏரி நிரம்பாவிட்டால் கீழே உள்ள கிணறும் போரும் ஊறாது, பெருமழையில் வழி அடைபட்ட தண்ணீர் திருமணிமுத்தாற்றுக் கரையில் குடியிருக்கிறவர்களிடம் போய்ச் சேரும். அழகான வளாகத்தின் செலவில் ஒரு பங்கை அந்த வளாகத்துக்குள் கால் வைக்காதவர்கள் கட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

கரண்டுக்கு வருவோம். இப்போது எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புத் தோற்றம், என்றால் முன்பக்கம் உயரமான கண்ணாடி, கூரைக்கு நீட்டல் இல்லாத பெட்டி மாதிரி சுவர். குளிர்நாட்டு வீட்டின் சாயல். சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி சாதாரணம், மேற்குப் பார்த்த கண்ணாடிக்குள் மதியம் மூன்று மணிக்கு உட்காரவே முடியாது. ஏசி போட்டாக வேண்டும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு 1.2 யூனிட் என்று வைத்து, தினம் எட்டு மணி நேரம் ஓடினால் ரெண்டு மாசத்துக்கு 576 யூனிட். ஏசி இல்லாமல் 350 யூனிட் ஆகிற வீடு 926-க்குப் போய்விடும். நம் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய நிமிஷமே ஆரம்ப யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 350 யூனிட்டுக்கு 900 ரூபாய், 926 யூனிட்டுக்கு 5,810 ரூபாய். ஒரே ஒரு ஏசி! 2024-ல் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஜன்னலுக்கு மேல் ரெண்டடி சன்ஷேடு, மேற்கே ஒரு மரம், மொட்டை மாடியில் வெள்ளை ஓடு, இவை இருந்தால் பாதி நாள் ஏசி வேண்டியதில்லை. ஆனால் அவை படத்துக்கு அழகாக இருக்காது என்று விட்டுவிடுகிறார்கள்.

தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆபீஸ் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம், பள்ளி ஒரு திசையில், டியூஷன் ஃபேர்லேண்ட்ஸில். ஒரு வழிக்கு 12 கிலோமீட்டர், நாற்பது நிமிஷம் என்று வைத்தால், போக வர மாதம் 25 நாளுக்கு 33 மணி நேரம் ரோட்டில். காரில் போனால் பெட்ரோல் மட்டும் நான்காயிரத்து ஐந்நூறைத் தொடும். ஒரு வண்டி போதாது, வீட்டில் இருக்கிறவருக்கும் ஒன்று வேண்டும், ஏனென்றால் தக்காளி வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்தச் சுமை பெண்கள் தலையில்தான் விழுகிறது. காலையில் பிள்ளையை விட்டு, மத்தியானம் கூட்டி வந்து, சாயங்காலம் டியூஷனுக்கு ஓட்டி, நடுவில் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவர்களுக்கு வேலைக்குப் போக நேரம் எங்கே இருக்கிறது? ஊருக்குள் இருந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, அடிவாரத்துக்கு வந்த பிறகு விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். அந்த இழந்த சம்பளத்தையும் வீட்டு விலையோடு சேர்க்க வேண்டும், யாரும் சேர்ப்பதில்லை.

வயதானவர்கள் நிலைமை இதைவிடக் கஷ்டம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அம்மாபேட்டைத் தறிக்காரத் தெருவிலிருந்து கன்னங்குறிச்சிக்கு மேலே ஒரு வளாகத்துக்கு வந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். பழைய வீட்டில் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு உட்கார்ந்தால் கீரைக்காரி வருவார், பால்காரர் நிற்பார், எதிர்வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், பத்து மணிக்குள் பத்துப் பேரிடம் பேசிவிடுவார். புது வீட்டில் கீரைக்காரியை செக்யூரிட்டி உள்ளே விடுவதில்லை. நான் போயிருந்தபோது போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், "ஏங்கண்ணு, இந்தத் தெருவுல ஆளுங்களே நடக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். எல்லாக் கேட்டும் சாத்தியிருந்தது, ஒரு நாய் மட்டும் ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரைத்தது. மருமகள், "அத்தைக்கு இங்க வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரை கூடிப்போச்சுங்க" என்றார். மாத்திரை கூடியதற்கு வீடு மாறியதுதான் காரணமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் அவருக்குப் பேச்சுத்துணை போனது கண்ணால் பார்த்தது.

துணி காயப்போடுவதில் கூட இந்தத் தோற்றத்துக்கான செலவு இருக்கிறது. முன்பக்கம் கொடி கட்டக் கூடாது, பால்கனியில் துணி தெரியக் கூடாது, சுவருக்கு வளாகம் சொன்ன நிறம்தான் அடிக்க வேண்டும் என்று சங்க விதிகள். மாதப் பராமரிப்பு சதுர அடிக்கு 2 ரூபாய் என்றாலும் 1,500 சதுர அடிக்கு மாதம் 3,000, தவணை முடிந்தாலும் இது முடியாது. அப்புறம் சொல்லாத விதிகள். பக்கத்து வீட்டில் பிறந்தநாளுக்கு பலூன் வளைவு வைத்தால் நம் பிள்ளை கேட்கும், எதிர்வீட்டில் பெரிய கார் வந்தால் நம் பழைய கார் திடீரென்று சின்னதாகத் தெரியும். பழைய தெருவில் கஷ்டத்தையும் பார்த்துக்கொண்டார்கள், அதனால் அவசரத்துக்கு ஐயாயிரம் கைமாற்று கேட்க முடிந்தது. எல்லா வீடும் நன்றாக இருப்பதாகவே தெரிகிற இடத்தில் யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள், கிரெடிட் கார்டைத்தான் தேய்ப்பார்கள்.

கேட் விஷயத்தில் ஒன்று பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போது உள்ளே உள்ள ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு மாதிரி பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி அதையும் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அது ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ சொந்தமான பொது ரோடு. அதில் கேட் போட்டு ஆளை மறிக்க சட்டப்படி உரிமை கிடையாது. "கேட்டட்", அதாவது கேட் போட்ட வளாகம், என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறவர் அந்தக் கேட்டுக்கு அடியில் இருக்கிற ரோடு யாருடையது என்று கேட்க வேண்டும். அங்கீகாரமே இல்லாத மனை என்றால் இன்னும் மோசம். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது எத்தனை குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தார்கள் என்று சேலத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மலைமேல் ஏற்காட்டில் ஒரு வீடு என்பது இதே ஆசையின் அடுத்த படி. காப்பித் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புச் சட்டதிட்டங்களுக்குள் வருகிற இடம், கட்டிடம் கட்டச் சமவெளியில் வாங்குகிற அனுமதியோடு கூடுதல் அனுமதிகளும் வேண்டும். நிழல் மரங்களை வெட்டி, காட்சி தெரிய வேண்டும் என்று சரிவை வெட்டிச் சமன் செய்து வீடு கட்டினால் மண்ணைப் பிடித்து வைத்திருக்க வேர் இருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து முடங்கியதைப் பார்த்தோம். 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கிற வீட்டுக்கு ஒரு ஆம்புலன்ஸ் போவது எப்படி என்பதை அப்படிப்பட்ட நாளில் யோசித்தால் போதும். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் தங்குகிற வீட்டுக்கு மீதி நாளெல்லாம் காவலுக்கு ஆள் போட வேண்டும், மழைக்குப் பூசணம் பிடித்த சுவரை வருஷா வருஷம் சுரண்டி அடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் வாங்குவது என்று முடிவெடுத்தால், சைட்டை மே மாதத்தில் மதியம் ரெண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், டிசம்பர் மாலையில் பார்க்க வேண்டாம். விற்கிறவரோடு போகாமல் தனியாகப் போய், ஏற்கெனவே குடியிருக்கிறவர்களிடம் கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர் இறங்குகிறது, செப்டிக் டேங்க் வண்டி எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் வருகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். போர் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது என்றும் கேளுங்கள். லேஅவுட் வரைபடத்தை வாங்கி கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓடை புறம்போக்கு என்று எழுதியிருக்கிற கோடு எந்த மனைக்குள் போகிறது என்று அதில் தெரிந்துவிடும். கூட வீட்டுப் பெரியவரையும் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் அந்தத் தெருவில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.